ஆத்தங்குடி டைல்ஸும் டர்பன் துறைமுகமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸும் (கையால் வார்க்கும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்) பழைய வீட்டுச் சாமான்களும் விற்கும் ஒரு குடும்பத்துக்கு, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் டர்பனிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அங்கே நாலைந்து தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், புதிதாகக் கட்டும் வீட்டின் முன்கூடத்துக்கும் சாமி அறைக்கும் டைல்ஸ் கேட்டிருந்தது. சரக்கை அனுப்பிக் காசை வாங்கிக்கொண்டு அத்தோடு விட்டுவிடலாமா, இல்லை அந்த ஊரையே ஒரு சந்தையாக வைத்துக்கொண்டு வருஷா வருஷம் போய்வரலாமா என்பதுதான் இவர்கள் முன் இருந்த கேள்வி. இந்தக் குடும்பத்தின் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொடுப்பவன் நான். பெயர் போட வேண்டாம் என்றார்கள். அதனால் வீட்டுத் தலைவரை அண்ணன், அவர் மனைவியை ஆச்சி, அவர்கள் பையனை மகன் என்றே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்பன் போன்ற ஒரு துறைமுக நகரம் வியாபாரிக்கும் ஓய்வுக்கு வருபவருக்கும் ஒருசேரப் பிடித்துப்போகக் கடற்கரையும் நல்ல வெயிலும் மட்டும் காரணமில்லை. வெளியூர்க்காரன் கால் ஊன்ற அங்கே ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் டர்பனில் இருக்கிறது. ஆனால் அந்தத் துறைமுகமே வியாபாரத்தின் பலவீனமான கண்ணியாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் இந்தக் குடும்பம் முடிவெடுத்தது.

ஊர் எப்படிப்பட்டது

டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்கிறது. வெப்பமண்டலத்துக்குச் சற்று வெளியே, துணை வெப்பமண்டலத்தில் அமைந்த ஊர். வடக்கிலிருந்து இறங்கி வரும் வெதுவெதுப்பான அகுல்ஹாஸ் நீரோட்டம் கரையை ஒட்டிப் போவதால் குளிர்காலத்திலும் கடலில் இறங்கிக் குளிக்கலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புழுக்கமும் மழையும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மழை குறைவு, பகலில் 22, 23 டிகிரி, இரவில் ஒரு போர்வை போதும். நம் ஊரில் வெயில் 40ஐத் தொட்டுவிட்டு இறங்க மனமில்லாமல் நிற்கிற மாதங்களில் அங்கே அப்படி ஒரு காலநிலை. செட்டிநாட்டுக்காரருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பெரிய வீடு கட்டி, காற்றுக்கு வளவும் (உள்கூடம்) வெளிச்சத்துக்கு முற்றமும் வைத்தவர்களுக்குக்கூட சித்திரை வைகாசியில் வளவில் உட்கார முடிவதில்லை.

ஊரின் நடுவிலேயே துறைமுகம் இருக்கிறது. இயற்கையான குடா, ஒரு பக்கம் பிளஃப் என்கிற குன்று, எதிரே நகரம். குடாவின் வாயில் மணல் திட்டு குறுக்கே கிடந்ததால் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நின்றன. அந்தத் திட்டைத் தோண்டித் தோண்டித்தான் இன்றைய துறைமுகம் உருவானது. 1904ல் ஆர்மடேல் காசில் என்ற பெரிய கப்பல் உள்ளே வந்தது ஊருக்கே ஒரு திருப்பம். இன்று தென்னாப்பிரிக்காவின் கண்டெய்னர் போக்குவரத்தில் பாதிக்கு மேல் இந்தத் துறைமுகம் வழியாகத்தான். சர்க்கரை மேடன் வார்ஃபிலிருந்து போகிறது, கார்களுக்குத் தனி முனையம் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க்குக்குப் போகும் சரக்கு லாரிகள் என்3 நெடுஞ்சாலையில் வரிசை கட்டுகின்றன.

துறைமுக வாயிலை ஒட்டியே கடற்கரை நடைபாதை தொடங்கிவிடுகிறது. உஷாக்கா கடல் பூங்காவிலிருந்து வடக்கே புளூ லகூன் வரை கிலோமீட்டர் கணக்கில் நடக்கலாம். அந்த நடைபாதையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மாநாட்டு மையம். 1997ல் திறந்த அந்த மையத்தில்தான் 2011ல் ஐ.நா. காலநிலை மாநாடும் 2013ல் பிரிக்ஸ் உச்சி மாநாடும் நடந்தன. காலையில் கடலோரம் நடந்துவிட்டு, குளித்து, பத்து மணிக் கூட்டத்துக்குப் போய், மதியம் ஏஜெண்டைத் துறைமுகத்தில் பார்த்து, சாயங்காலம் மறுபடியும் கடலுக்கு வந்துவிடலாம். பல துறைமுக ஊர்களில் துறைமுகம் ஒரு கோடியில், ஹோட்டல் இன்னொரு கோடியில், நடுவே இரண்டு மணி நேர டிராஃபிக். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

நேரமும் வசதி. டர்பன் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பன்னிரண்டரை. வாங்குபவர் அங்கே காலையில் கேட்ட டிசைனுக்கு ஆத்தங்குடியில் அன்றைக்கே அச்சு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிட முடிந்தது. அமெரிக்க வாடிக்கையாளரோடு நள்ளிரவில் பேசிப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு ஆறுதல் என்று தெரியும்.

நம்மவர்கள் ஏன் டர்பனுக்குப் போகவில்லை

பேச்சு தொடங்கிய நாளிலேயே அண்ணன் கேட்ட கேள்வி இது. "ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சைகோன், மேடான், கொழும்புன்னு எங்க ஐயா காலத்துல போகாத துறைமுகம் கிடையாது. டர்பன்ல ஒரு நகரத்தார் கடைகூட இருந்ததா நான் கேட்டதில்ல. ஏன்?"

நகரத்தார் என்பது செட்டிநாட்டின் நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகம். இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு துறைமுகத்தை எப்படி எடைபோடுவது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட டிரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. அவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1911 வரை இப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறிய தமிழரும் தெலுங்கரும். அவர்களுக்குப் பின்னால் சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிகளில் குஜராத்தி முஸ்லிம்கள் அதிகம். அவர்களில் ஒரு கடைக்காரரின் வழக்குக்காகத்தான் காந்தி 1893ல் டர்பனில் வந்து இறங்கினார்.

அதே காலத்தில் நகரத்தார் பர்மாவில் இருந்தார்கள். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காடு வெட்டி வயலாக்கும் பர்மிய விவசாயிக்குக் கடன் வேண்டும். பிரிட்டிஷ் வங்கிகள் அவரிடம் போகவில்லை, நம்மவர்கள் போனார்கள். 1930 வாக்கில் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்கில் செட்டியார் கடைகள் சுமார் 1,650, அவர்கள் போட்டிருந்த மூலதனம் 75 கோடி ரூபாய் அளவில். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் இன்று நாம் பார்க்கும் தேக்குத் தூண்கள் அந்தக் காலத்துப் பணம். உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை விழுந்ததும் அடமான நிலங்கள் செட்டியார் கைக்கு வந்தன. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் அவர்கள் பெயரில். பர்மிய விவசாயிக்கு அது பெரிய காயம். நம் வீட்டு முகப்புகளைப் பெருமையோடு பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பிறகு 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான், விடுதலைக்குப் பின் நிலச் சட்டங்கள் வந்தன, எல்லாம் போயிற்று.

சரி, டர்பனில் இதே வேலை ஏன் நடக்கவில்லை? என் பார்வையில் இரண்டு காரணங்கள். ஒன்று, டர்பன் இருந்த நட்டால் காலனியில் கரும்பு நிலம் வெள்ளைத் தோட்ட முதலாளிகளிடம் இருந்தது. கடனுக்கு ஏங்கும் சொந்த நில விவசாயிக் கூட்டம் பர்மா அளவுக்கு அங்கே இல்லை. இரண்டாவது காரணம் சட்டம். 1895ல் ஒப்பந்தம் முடிந்தும் தங்கிய இந்தியருக்கு ஆளுக்கு மூன்று பவுண்டு வருடாந்தர வரி விதித்தார்கள். 1897ல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, புதிதாக வருபவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். அதே ஆண்டு வியாபாரிகள் உரிமச் சட்டமும் வந்தது. உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் நகராட்சி அதிகாரியின் விருப்பம், நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக முடியாது, கடைக் கணக்கு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பேரேடு, குறிப்பேடு எல்லாம் தமிழிலேயே எழுதி, பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி மேலாளாகிற நம் கடை முறைக்கு அந்தக் கதவு எப்படித் திறக்கும்?

ஆகவே காற்றும் கடலும் எவ்வளவு இதமாக இருந்தாலும் வெளியூர் வியாபாரிக்கு அன்று டர்பன் உகந்த துறைமுகம் அல்ல. பினாங்கில் 1857லும் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859லும் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் எழுப்பியது போல அங்கே ஒரு கோயில் எழவில்லை. ஆனால் வேறு கோயில்கள் எழுந்தன. கூலிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கட்டியவை அவை. உம்கேனி ரோடு சிவன் கோயில், மவுண்ட் எட்ஜ்கோம்ப் பிள்ளையார் கோயில், உம்பிலோ அம்பலவாணர் ஆலயம், இசிபிங்கோ மாரியம்மன் கோயில். பெரிய வெள்ளி விடுமுறை நாளில் உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி நடக்கிறது. தோட்டத்து வேலைக்காரர்களுக்கு அன்றுதான் லீவு கிடைத்தது என்பதால் அந்த நாள் நிலைத்துவிட்டது. நம் வியாபாரிகள் போகாத ஊரில் அந்த உழைப்பாளிகள் போட்டு வைத்த அஸ்திவாரத்தில்தான் இன்று காரைக்குடி டைல்ஸுக்கு ஆர்டர் வருகிறது. இதை நான் நன்றியோடுதான் எழுதுகிறேன்.

இன்று அந்தச் சட்டங்கள் எதுவும் இல்லை. விசா எடுத்து, துபாய் வழியாக மாறிப் போனால் 2010ல் திறந்த கிங் ஷாக்கா விமான நிலையத்தில் இறங்கலாம். கால் ஊன்ற இடமும் தயாராக இருக்கிறது.

போய்வந்த பயணம்

அண்ணனும் ஆச்சியும் ஜூலையில் போனார்கள். மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு உண்டு. ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், 1897 முதல் நடப்பது. அந்த வாரம் ஹோட்டல் வாடகை எகிறிவிடும். அது முடிந்து ஆடி பிறக்கிற சமயமாகப் பார்த்து டிக்கெட் போட்டோம்.

வியாபாரத்துக்கென்று திட்டமிட்ட சந்திப்புகள் சுமாராகத்தான் போயின. கட்டுமானப் பொருள் விற்பவர்கள், உள் அலங்காரம் செய்பவர்கள் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், விசிட்டிங் கார்டு கொடுத்தார்கள், அனுப்புங்கள் பார்க்கலாம் என்றார்கள். ஆர்டர் எதுவும் கைக்கு வரவில்லை.

ஆர்டர் வந்த இடம் வேறு. முதல் சரக்கு வாங்கிய வீட்டில் டைல்ஸ் பதித்து முடித்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் மங்கி, மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மா வருத்தத்தில் இருந்தார். "கெமிக்கல் போட்டுத் துடைச்சும் போகலைங்க" என்று ஆங்கிலத்தில்தான் சொன்னார், அங்கே இளையவர்களில் பெரும்பாலோர் பேசுவது ஆங்கிலமே. ஆச்சி குனிந்து ஒரு விரலால் தேய்த்துப் பார்த்தார். உப்பு. சிமெண்டில் மிச்சமிருந்த ஈரம் மேலே வரும்போது கூடவே கொண்டுவந்து விட்டுப்போகிற உப்பு. ஆச்சி முதலில் வெறும் தண்ணீரில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து இரண்டு மூன்று முறை துடைத்தார். காய விட்டார். அப்புறம் ஒரு பழைய பருத்தித் துணியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, துணி எண்ணெயில் ஊறாமல் சும்மா பட்டும் படாமலும், மூலையிலிருந்து வட்டம் வட்டமாக இழுத்துக்கொண்டே வந்தார். நிறம் எழுந்து வந்தது. "தினம் நடங்க. நடக்க நடக்கத்தான் மினுமினுப்பு வரும். ஆசிட் மட்டும் ஊத்தாதீங்க, கல்லைத் தின்னுரும்" என்றார். அந்த வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் இதை போனில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே ஆடிக் கூழ். டர்பனில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக விடாமல் நடக்கிறது. வேப்பிலை கட்டிய வாசல், பெரிய அண்டா, வரிசையில் நிற்கும் பிள்ளைகள். அண்ணனையும் ஆச்சியையும் கூட்டிப்போனது அந்த வீட்டுக்காரர்களே. அங்கேதான் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு பெரியவர் தங்கள் கல்யாண மண்டபத்துக்குத் தரை போட வேண்டும் என்று பேச்சை எடுத்தார். பெயரோடு செட்டி என்று போட்டிருந்த ஒருவர் வந்து, தன் முன்னோர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். டர்பனில் பிள்ளை, நாயுடு, கவுண்டர், முதலியார் போல செட்டி என்பதும் பரவலான குடும்பப் பெயர். நகரத்தார் தொடர்பாக இருக்க வாய்ப்பு குறைவு என்று அண்ணன் பக்குவமாகச் சொன்னார். ஆனாலும் அவர் பிரியத்தோடு பேசிவிட்டு வீட்டுக்கு டைல்ஸ் படம் அனுப்பச் சொன்னார்.

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட முக்கியமான செய்தி இதுதான். டர்பனில் வேலையையும் ஓய்வையும் தனித்தனிப் பையில் போட முடியாது. கூட்ட அறையில் கிடைக்காதது கோயில் வாசலில் கிடைத்தது. பயணத்தில் ஆச்சியைச் சேர்த்தது ஊர் சுற்றிப்பார்க்கத்தான், ஆனால் இந்தப் பயணத்தின் சிறந்த விற்பனையாளர் அவரே. இதை அண்ணனும் மறுக்கவில்லை.

சுற்றிப்பார்த்தது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலாப் பொடிகளைப் பார்த்து ஆச்சி காரத்தை நுகர்ந்தே கணித்தார். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றிக் கொடுக்கும் பன்னி சவ் அண்ணனுக்குப் பிடித்தது. பீன்ஸ் போட்ட சைவ வகையும் கிடைக்கிறது. 2010 உலகக் கோப்பைக்குக் கட்டிய மோசஸ் மபிதா அரங்கத்தின் வளைவின் உச்சிக்கு ஏறிப்போனால் துறைமுகமும் கடலும் ஒரே பார்வையில் தெரியும். காந்தி 1904ல் நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு ஊருக்கு அருகிலேயே. அதற்குப் பக்கத்தில் இனாண்டாவில், 1994ல் மண்டேலா முதன்முதலாக ஓட்டுப்போட்ட ஓலாங்கே பள்ளிக்கூடம். இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெட்டி போன பாதை

இப்போது சிக்கலான பகுதிக்கு வருகிறேன்.

ஆத்தங்குடி டைல்ஸ் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் பயணத்துக்கு ஏற்ற சரக்கு அல்ல என்பது புரியும். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரைத்த சிமெண்ட் வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சைக் கை நடுங்காமல் தூக்க வேண்டும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்து தூவி, அப்புறம் ஈரக் கலவையை நிரப்பி அமுக்கித் தட்டுவார்கள். இறுகியதும் கண்ணாடியிலிருந்து பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து, பிறகு காயவைப்பார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. அதனால் ஓரம் எளிதில் உடையும், உள்ளே ஈரம் தங்கும்.

முதல் ஆர்டர் அவசரத்தில் போனது. தொட்டியிலிருந்து எடுத்து முழுக்கக் காயும் முன்பே பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினார்கள். பகலில் சூடாகி இரவில் குளிரும் கண்டெய்னருக்குள் வாரக் கணக்கில் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் கிடந்ததுதான் டர்பனில் உப்பாகப் பூத்தது. மரப்பெட்டியிலும் ஒரு தகராறு வந்தது. வெளிநாட்டுக்குப் போகும் மரப் பேக்கிங் எல்லாம் சூடேற்றிப் பூச்சி நீக்கி, அதற்கான சர்வதேச முத்திரை குத்தியிருக்க வேண்டும். பெட்டி அடித்துக்கொடுத்த கடையில் முத்திரை இருக்கும் என்று சொல்லிவிட்டு இல்லாத பலகையைச் சேர்த்திருந்தார்கள். நல்லவேளை, தூத்துக்குடியில் ஏற்றும் முன்பே பிடிபட்டது, பெட்டிகளை மாற்றி அடிக்க வேண்டியதாயிற்று. டர்பனில் பிடிபட்டிருந்தால் சரக்கே திரும்பியிருக்கலாம். நம் ஊர்ப் பழக்கத்தில் உடையாமல் இருக்க வைக்கோல் திணிப்பதும் வெளிநாட்டுச் சரக்கில் ஆபத்து, தாவரப் பொருள் என்று சோதனையில் நிறுத்துவார்கள்.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து சிறிய கப்பலில் கொழும்பு, அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றம், அங்கிருந்து டர்பன். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்த பிறகு ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, கொழும்பில் மாற்றுச் சரக்கு குவிந்தது. நம் பெட்டி கொழும்பில் ஒரு கப்பலைத் தவறவிட்டது. டர்பன் போய்ச் சேர்ந்த பின்னும் கப்பல் வெளிக்கடலில் காத்திருந்தது. ஏஜெண்ட் முதலில் சொன்ன தேதிக்கும் சரக்கு வீட்டுக்குப் போன நாளுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி.

இது நம் சரக்குக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் அல்ல. டர்பன் கண்டெய்னர் முனையத்தில் பழைய கிரேன்கள், உதிரிபாகத் தட்டுப்பாடு, காற்று வேகமானால் வேலையை நிறுத்தி வைப்பது என்று பிரச்சினைகள் சேர்ந்து 2023 நவம்பரில் பல பத்துக் கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்தன. அந்த ஆண்டுக்கான உலக வங்கியின் கண்டெய்னர் துறைமுகத் தரவரிசையில் டர்பன் கடைசி வரிசையில் இருந்தது. அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் தனியாக இதைச் சமாளிக்க முடியாது என்று, இரண்டாம் பியர் (துறைமேடை) கண்டெய்னர் முனையத்துக்குப் பங்காளியாக பிலிப்பைன்ஸின் ஐசிடிஎஸ்ஐ நிறுவனத்தை 2023ல் தேர்ந்தெடுத்தார்கள். போட்டி நிறுவனம் நீதிமன்றம் போனதால் அது இழுத்துக்கொண்டே போனது. 2021 ஜூலை ஒரே மாதத்தில் ஊர்க் கலவரத்தில் கிடங்குகள் சூறையாடப்பட்டன, டிரான்ஸ்நெட்டின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கின. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள், துறைமுகத்துக்குப் போகும் சாலையே அரித்துப்போனது. கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து கடற்கரைகளை மாதக் கணக்கில் மூடி வைத்தார்கள்.

இதையெல்லாம் சொல்வது ஊரைக் குறை சொல்ல அல்ல. இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஊர் எழுந்து நிற்கிறது, அங்குள்ள நம் மக்கள் வெள்ளத்தில் அக்கம்பக்கத்தாருக்குச் சமைத்துப்போட்டதை நேரில் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டோம். ஆனால் பணம் போடுகிறவன் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். ஓய்வுக்குப் போகிறவரும் அப்படித்தான். இருட்டிய பின் நகர மையத்தில் நடக்கக் கூடாது, கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், கடலில் இறங்கும் முன் அன்றைக்கு அந்தக் கரை திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். சுறாவுக்கு 1952 முதலே வலை கட்டியிருக்கிறார்கள், குளிக்க ஒதுக்கிய இடத்தில் மட்டும் குளிப்பது நல்லது. ஆச்சி தாலிச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிற்றில் போனார்.

எடுத்த முடிவுகள்

திரும்பி வந்ததும் மகன் கடையை அங்கேயே திறந்துவிடலாம் என்று துடித்தான். "அப்பச்சி, ஆர்டர் இருக்கு, ஆள் இருக்கு, இன்னும் என்ன யோசனை?" அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. ஐயா காலத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போனவர்கள்கூட முதலில் இன்னொருவர் கடையில் மூன்று வருஷக் கணக்குக்கு ஆளாக இருந்து ஊரைப் படித்த பிறகுதான் சொந்தக் கடை போட்டார்கள் என்றார். எனக்கு அந்த நிதானம் சரியாகப் பட்டது.

மாற்றியவை இவை. டைல்ஸ் தொட்டியிலிருந்து எடுத்த பின் நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பேக்கிங், பிளாஸ்டிக் சுற்றுவது கிடையாது, இடையில் கெட்டி அட்டை, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பைகள், டைல்ஸைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக அடுக்குவது. உடையும் என்று எண்ணிக் கேட்ட அளவுக்கு மேல் கொஞ்சம் கூடுதல் சரக்கு, ஏனென்றால் ஒரே வண்ணக் கலவை மறு தடவை அச்சு அசலாக வராது. ஒவ்வொரு பெட்டியிலும் ஆச்சி துடைத்த முறையை எழுதிய ஒரு தாள், தமிழிலும் ஆங்கிலத்திலும். விலை டாலரில், பாதி முன்பணம், மீதி கப்பல் காகிதம் கைக்கு வரும்போது. வாங்குபவருக்குச் சொல்லும் தேதியில் ஏஜெண்ட் சொல்வதைவிட ஆறு வாரம் கூட்டியே சொல்வது. வீடு குடிபுகும் நாளை நம் தேதியை நம்பி யாரும் குறிக்கக் கூடாது.

வருஷப் பயணம் ஆடியில் என்று நிலைத்துவிட்டது. அதற்கு முன் பதித்து முடிக்க வசதியாக மாசியிலேயே கண்டெய்னர் ஏற்றுவார்கள். அடுத்த முறை மண்டபத்துக்கான சரக்கு போகிறது, கூடவே பதிக்கத் தெரிந்த ஒரு கொத்தனாரையும் விசா எடுத்து அழைத்துப்போகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டர்பனில் சின்னதாக ஒரு கிட்டங்கி பிடித்து ஓடுகிற டிசைன்களை மட்டும் இருப்பு வைப்பது மகனின் யோசனை. துறைமுகம் தாமதித்தாலும் வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டாம் என்பது அவன் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. வாடகையும் காப்பீடும் எவ்வளவு என்று இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறோம். கலவரம், வெள்ளம் இரண்டுக்கும் காப்பீடு கிடைத்தால் மட்டுமே மேலே பேசலாம் என்பதில் அண்ணன் உறுதியாக இருக்கிறார்.